உங்கள் வாட்ச்சுகளை ஓட்டிய கை

மாமா,

உங்கள் வாட்ச்சுகளில் பூசணம் பூத்துவிட்டது. இன்று காலை பீரோவைத் திறந்ததும் முதலில் வந்தது அந்த வாசம்தான். மழையில் நனைந்த தோல் செருப்பைக் காயவிடாமல் பையில் போட்டுக் கட்டி வைத்தால் ஒரு வாடை வருமே, அதேதான். பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தேன். அதையும் மீறிக்கொண்டு வந்தது. வெல்வெட் பெட்டியைத் திறந்தால், யாரையும் பக்கத்தில் மூச்சுவிடக்கூட விடாமல் நீங்கள் பார்த்துக்கொண்ட அந்த வார்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. நான் சிரித்துவிட்டேன். வீட்டில் தனியாகச் சிரிப்பது எனக்கு இப்போது பழகிவிட்டது.

பெட்டியை எடுத்து வந்து முற்றத்து வெயிலில் வைத்திருக்கிறேன். ஏழும் நின்று கிடக்கின்றன. இன்று உங்கள் தம்பி வருகிறார், வாட்ச்சுகளை எடுத்துப் போக. உங்கள் தலைத்திவசம் முடியட்டும் என்று காத்திருந்தவர்போல, முடிந்த மறுநாளே போன் செய்தார். "அண்ணன் சாமான் அண்ணி, ஆம்பளைங்க கட்றது. நீங்க வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றார். பெங்களூரிலிருந்து நம் மகள், "குடுக்காதம்மா, அது உன்னுது" என்கிறாள்.

என்னுடையதா? விடிந்ததிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாங்கியது நீங்கள். ஊருக்குக் காட்டியது நீங்கள். ஆனால் பதினைந்து வருஷம் அவற்றை ஓட வைத்தது யார், மாமா? தர மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். இப்போது கூட்ட முடியாது இல்லையா, கேளுங்கள்.

உங்களுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது பைபாஸ் ரோட்டுக்கு நம் நிலம் போன வருஷம். பணம் வந்தவர்கள் எல்லாம் கார் வாங்கினார்கள், மாடி எடுத்தார்கள். நீங்கள் சென்னைக்குப் போய் ஒரு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். இடுப்பில் வேட்டி, தவிட்டுத் தூசி படிந்த சட்டை, கையில் மட்டும் வெளிநாட்டுச் சாமான். தியாகதுருகத்திலிருந்து நெல் ஏற்றி வந்த வியாபாரி, "இன்னா மொதலாளி, கையில பளபளன்னுது?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நம் மகள் பிறந்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு மில்லில் மூட்டை எண்ணும்போதுகூட இடது கையை நீட்டித்தான் எண்ணினீர்கள்.

ஒன்று இரண்டானது, இரண்டு ஏழானது. மாட்டுக்குப் பெயர் வைத்து வளர்த்த குடும்பம்தானே, வாட்ச்சுக்கும் வைத்தீர்கள். நீல டயல் போட்டது நீலக்கண்ணு. வெள்ளி மாதிரி மின்னியது வெள்ளச்சி. தண்ணீருக்குள் முங்கினாலும் ஓடும் என்று வாங்கியது கருப்பன். மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தில் மாடுகளுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அதே விரலோடு வந்து இந்தப் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைப்பீர்கள். அந்தக் குங்குமக் கறை இன்னும் மூடியில் இருக்கிறது.

பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் அவற்றோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது. தோளில் துண்டு, மடியில் மஞ்சள் துணி, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பீர்கள். பின்பக்கம் கண்ணாடி போட்ட வாட்ச்சில் உள்ளே சின்னச் சின்னச் சக்கரம் ஓடும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "காதக் குடு" என்றீர்கள். நீலக்கண்ணுவை என் காதோடு வைத்தீர்கள். மழைப்பூச்சி தூரத்தில் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். உங்கள் முகம் என் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "கேக்குதா? உசுரு இருக்குது பாரு அதுக்கு" என்றீர்கள். கேட்கிறது என்றேன். எனக்குக் கேட்டது உங்கள் மூச்சுதான்.

அவை பேட்டரி வாட்ச்சுகள் இல்லை. கையில் கட்டியிருந்தால், கை ஆடுகிற ஆட்டத்திலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். ஏழு வாட்ச், உங்களுக்கு ஒரு கை. "நின்னா நிக்கட்டுமே மாமா, வேணும்னும்போது ஆட்டிக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தேன். "நின்னா உள்ள எண்ணெ எறுகிடும். தெரியாதத பேசாத" என்றீர்கள். சென்னையிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தீர்கள். உள்ளே வாட்ச்சை வைத்தால் அது மெதுவாகச் சுற்றி ஆட்டிவிடும். மில் லைனில் வருகிற கரண்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? ஒரு சாயங்காலம் புகைந்துவிட்டது.

அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உங்கள் பார்வை பெட்டியிலிருந்து எழும்பி என் கையில் வந்து நின்றது.

"உன் கை சும்மாதான ஆடிக்கினு கெடக்குது" என்றீர்கள்.

வளையல் பட்டால் கண்ணாடியில் கீறல் விழும் என்று, இடது கை வளையல்களைக் கழற்ற நீங்களே என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப் போனீர்கள். சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாக உருவினீர்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் கையை நீங்கள் அப்படிப் பிடித்ததே இல்லை. வலிக்குதா என்றுகூடக் கேட்டீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அட சனியனே, அதை நான் ஆசை என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து மாற்றி மாற்றி ஒரு நாளைக்கு மூன்று நான்கு வாட்ச் என் கையில். முதலில் ஒரு கைக்குட்டையை மணிக்கட்டில் சுற்ற வேண்டும், என் வேர்வை உப்பு வாருக்கு ஆகாதாம். அதன் மேல்தான் வாட்ச். தண்ணீர் படக் கூடாது. ஆள் வந்தால் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். முக்கியமானது, கேட்டைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள் நான் கட்டியிருப்பேன். வெளியே போகும்போது நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். என் கைச் சூடு ஆறாத வாட்ச்சைக் கட்டிக்கொண்டு நீங்கள் கல்யாண வீட்டில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். "எப்டிங்க இத்தினி வாட்ச்சையும் ஓட்டத்துலயே வச்சிகினு இருக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் ஆள் இருக்குது" என்றீர்கள். நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முறத்தில் புடைத்தால் சீக்கிரம் ஏறுகிறது என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். இரண்டு கையும் குலுங்குகிற வேலை அல்லவா அது! நாமோ அரிசி மில் வைத்திருக்கிற வீடு. கல், குருணை, உமி எல்லாம் மெஷினில் போய், பூப்போல வருகிற அரிசி. அதை நான் முறத்தில் கொட்டிப் புடைத்தேன். புடைத்ததைத் திரும்பக் கொட்டி மறுபடியும் புடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மில்லு ரிப்பேரா?" என்று கேட்டாள். வாட்ச் கட்டின கையை முறத்துக்கு அடியில் மறைத்துக்கொண்டு, ஆமாம் என்றேன்.

வெள்ளச்சியில் ஒரு சின்ன முள் இருந்தது. சாவி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டுவது. பெட்ரோல் முள்ளு என்பீர்கள். மில்லிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பீர்கள்.

"இன்னாடி, மத்தியானம் படுத்துட்டியா? முள்ளு பாதியில நிக்குது."

எத்தனையோ வீட்டில் புருஷன்மார் பொண்டாட்டியை வேவு பார்க்கிறார்கள். போனை நோண்டுகிறார்கள், பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள். பொண்டாட்டி கையிலேயே முள்ளைக் கட்டிவிட்டு, அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று படித்துப் பார்த்தவர் இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும்.

எனக்கு மூட்டுவலிக் காய்ச்சல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே முடங்கிக் கிடந்த காய்ச்சல். டம்ளரைத் தூக்க முடியாது, விரலை மடக்க முடியாது. இரண்டாம் நாள் நீங்கள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நெற்றியில் கை வைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் என் இடது கையைத் தூக்கினீர்கள். தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டினீர்கள். நான் வலியில் கத்தியதும், "நீ பாட்டுக்குப் படுத்துக்க, நான் ஆட்டிக்கிறேன்" என்றீர்கள். வாட்ச்சைக் கழற்றி ஆட்டியிருக்கலாம். அது உங்களுக்குத் தோன்றவே இல்லை, மாமா. இத்தனை வருஷத்தில் எனக்கு ஆறாதது அந்த ஒன்றுதான். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

வாட்ச் கட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும் என்று நான் கேட்டது ஒரே ஒரு தடவை. தை மாதம், மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. என் பிறந்த வீட்டு ஆட்கள் எல்லாம் வருவார்கள். "நீலக்கண்ண இன்னிக்கு ஒருநாள் கட்டிக்கினு வரட்டுமா மாமா?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஆத்துல அம்மாங் கூட்டத்துல எவனாவது கையோட உருவிகினு போயிடுவான். உன் கை போனா பரவால்ல, வாட்ச் போனா?" என்றீர்கள். நகைச்சுவையாம். கார் ஓட்டிக்கொண்டே அதை இன்னொரு தடவை சொல்லிச் சிரித்தீர்கள்.

ஆற்று மணலில் வளையல் கடை போட்டிருந்தார்கள். நம் மகள் என்னை இழுத்துப்போய் உட்கார வைத்தாள். வளையல்காரி என் வலது கையில் பச்சையும் சிவப்புமாக அடுக்கிவிட்டு, "அந்தக் கையக் குடும்மா" என்றாள். பின்னால் நின்ற நீங்கள், "அந்தக் கைக்கு வேணாம்" என்றீர்கள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, வேண்டுதலா?"

ஆமாம், வேண்டுதல் என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் என் கையை விடவில்லை. "என்னா வேண்டுதலோ, சீக்கிரம் நெறவேறட்டும்மா" என்றாள். உங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும், "அவ வேண்டுதல் வச்சிருக்கா" என்று நீங்களே சொல்ல ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நாளில் ஊரே நம்பிவிட்டது. எனக்கு ஆண் பிள்ளை இல்லாததால் வைத்த வேண்டுதல் என்று உங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நீங்கள் மறுக்கவில்லை.

கருப்பன் வந்ததிலிருந்து, முந்நூறு மீட்டர் ஆழம் வரை தண்ணீர் போகாது என்பதே உங்கள் பேச்சாக இருந்தது. மில்லில் சொன்னீர்கள், சலூனில் சொன்னீர்கள். நம் பம்புசெட் கிணற்றில் குதித்து எழுந்து கூலி ஆட்களுக்குக் காட்டினீர்கள். அவர்கள் களைக்கொத்தை வைத்துவிட்டு வந்து பார்த்து, "ஆமாங்க, ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு கல்வராயன் மலைக்குக் கிளம்பினீர்கள். மழை நின்று மலையெல்லாம் அருவி கொட்டுகிறது என்றீர்கள். "நானும் வரட்டா? நான் மேல ஏறிப் பாத்ததே இல்ல" என்றேன். நமக்கு எத்தனை தூரம் அது, கச்சிராயப்பாளையம் தாண்டினால் மலைதான். வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற மலை. "நீயும் வந்துட்டா இதுக்கு யாரு இருக்கறது?" என்று நீலக்கண்ணுவை என் கையில் கட்டிவிட்டு, கருப்பனை உங்கள் கையில் கட்டிக்கொண்டு போனீர்கள்.

மற்றதை உங்கள் சிநேகிதர் அழுதுகொண்டே சொன்னார். அருவிக்குக் கீழே ஒரு மடு. இறங்காதீர்கள் என்று போர்டு வைத்திருந்தார்களாம். சும்மா வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் இவர்தான், "இது மாதிரி வாட்ச் ரோட்டோரத்துல கூவி விக்கிறானுங்கடா, தண்ணி பட்டா பல்ல இளிக்கும்" என்று சீண்டியிருக்கிறார். உங்களுக்கு அது போதாதா? சட்டையைக் கழற்றினீர்கள். வாட்ச்சைக் கழற்றவில்லை. கிணற்றுத் தண்ணீர் சும்மா நிற்கும் என்பதும், அருவித் தண்ணீர் காலைப் பிடித்து இழுக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியவில்லை. குதித்து மேலே வந்து இடது கையைத் தூக்கிக் காட்டினீர்களாம். எல்லோரும் கை தட்டினார்களாம். உள்ளே போனீர்கள். மறுபடி கை மட்டும் மேலே வந்தது. வாட்ச்சைத்தான் காட்டுகிறீர்கள் என்று நினைத்து மறுபடியும் கை தட்டினார்களாம்.

எனக்குத் தகவல் வந்ததும் போட்டது போட்டபடி ஓடினேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதுதான் பார்த்தேன், என் கையில் நீலக்கண்ணு. அந்த வாட்ச்சோடு நான் முதன்முதலாகக் கேட்டைத் தாண்டிப் போனது உங்கள் பிணத்தைப் பார்க்க. உங்கள் சாமான்களை ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அரைஞாண் கயிறு, மோதிரம், கருப்பன். கருப்பன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. நீங்கள் சொன்னது சத்தியம் மாமா, அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. எல்லாம் உங்களுக்குள் போய்விட்டது.

கருப்பனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாட்ச்சை என்னிடம் யாராவது கொடுத்தால் என் கை அதைக் கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். நீலக்கண்ணுக்கு மேலே கருப்பனையும் கட்டிக்கொண்டேன். உங்களை நடு வீட்டில் கிடத்தினார்கள். பெண்கள் வட்டம் போட்டுக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன், விடியற்காலம் வரை. உங்களை எடுத்துப் போனபிறகு ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தபோது கையைப் பார்த்தேன். இரண்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. என் அழுகையில் முழுச் சாவி ஏறியிருந்தது. செத்தும் வேலை வாங்கிவிட்டீர்கள்.

கருமாதியன்று நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்னை உட்கார வைத்து, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்தார்கள். தாலியை எடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருதரம் சிங்காரிப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. பிறந்த வீட்டிலிருந்து கண்ணாடி வளையல் வந்திருந்தது. வலது கையில் போட்டார்கள். இடது கையைத் தூக்கிய கிழவி, உங்கள் பங்காளி வீட்டுப் பெரியம்மாதான், கொஞ்சம் தயங்கினாள். "இந்தக் கைக்கு என்னவோ வேண்டுதல்னு சொல்லுவாளே" என்றாள். உங்கள் தம்பி பொண்டாட்டி பக்கத்தில் இருந்தாள். "புருஷனே போயிட்டாரு, இனிமே இன்னா வேண்டுதல்? போடுங்க" என்றாள்.

பதினைந்து வருஷம் கழித்து என் இடது கைக்கு வளையல் வந்தது. வாட்ச் கட்டிக் கட்டி வெளுத்துக் கிடந்த இடத்தில் பச்சை வளையல் என்ன அழகாக இருந்தது தெரியுமா? ஆசை தீரப் பார்க்கலாம் என்று கையைத் திருப்பினேன். கிழவி அந்தக் கையைப் பிடித்துக் கல்லில் மோதி உடைத்தாள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். வாசலில் கார் சத்தம் கேட்டது. உங்கள் தம்பியும் அவர் பொண்டாட்டியும் வந்தார்கள். இப்போது போய்விட்டார்கள். மீதியையும் கேட்டுவிடுங்கள்.

வாட்ச்சுகளை முற்றத்திலிருந்து எடுத்து வந்து மேசையில் பரப்பினேன். துணியால் பூசணத்தைத் துடைத்திருந்தேன். ஓட்டியது நான், தர மாட்டேன் என்று சொல்ல வாயில் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். உங்கள் தம்பி உட்காரக்கூட இல்லை. நீலக்கண்ணுவை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டு, காதில் வைத்துப் பார்த்தார். உங்களைப் போலவே தலையைச் சாய்த்தார்.

"இன்னா அண்ணி, ஓடலியே? ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல தம்பி. கையில கட்டி ஆடணும். ஏழையும் மாத்தி மாத்திக் கட்டிக்கினே இருக்கணும். இல்லன்னா நின்னுடும்."

அவர் கையை இரண்டு தரம் உதறினார். முள் ஓட ஆரம்பித்தது. ஏழு வாட்ச்சையும் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு, நான் கண்ணால் கண்டேன் மாமா, அந்தப் பார்வை அப்படியே திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய கையில் போய் நின்றது. உங்கள் ரத்தம்தானே.

"ஏய், வூட்ல நீ சும்மாதான இருக்கற. நீ ஒண்ணு ஒண்ணா கட்டிக்கயேன். அந்தக் கை வளையல மட்டும் கழட்டிடு."

அவள் இடது கையில் கண்ணாடி வளையல் ஒரு கொத்து, முன்னும் பின்னும் தங்கம். அவள் கழற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மறைக்க மாட்டேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றட்டும், சோப்பு நுரை நானே கொண்டுவந்து தருகிறேன், முறம் வாங்கித் தருகிறேன், எப்படிப் புடைத்தால் சீக்கிரம் ஏறும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒருத்தியாவது என்னைப்போல இருந்துவிட்டால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

அவள் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இன்னாத்துக்கு? நான் இன்னா மிஷினா? ஆசையா இருந்தா நீயே ஏழையும் கட்டிக்கினு மில்லுல மூட்ட தூக்கு."

அவ்வளவுதான்.

நான் உங்கள் தம்பி முகத்தைப் பார்த்தேன். இப்போது அடிப்பார், கத்துவார், வாட்ச்சைத் தூக்கி எறிவார் என்று பார்த்தேன். அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "சரி வுடு, சும்மா கேட்டேன்" என்றார். ஏழையும் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார். அவள், "அக்கா, தலைய வலிக்குது, ஒரு காப்பி கெடைக்குமா?" என்றாள். வீடு இடிந்து விழவில்லை. மலை இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அழுதேன். நீங்கள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அது உங்களுக்காக அழுதது, நாலு பேர் பார்க்க அழுதது. நான் இன்னா மிஷினா. இவ்வளவு சின்ன வார்த்தை. அன்றைக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது நான் இதைச் சொல்லியிருந்தால், நீங்களும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, சரி வுடு என்றிருப்பீர்களோ? இருப்பீர்கள் மாமா. இப்போது தெரிகிறது. நீங்கள் ஒன்றும் பெரிய கொடுங்கோலன் இல்லை. கேட்டுப் பார்த்தீர்கள், கிடைத்தது, எடுத்துக்கொண்டீர்கள். இத்தனை வருஷமும் உங்களைப் பெரிய அரக்கனாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறுதலையும் இந்தப் பெண் வந்து ஒரு நொடியில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

காப்பி கொடுத்தேன். உங்கள் தம்பி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எடுத்துக்கினு போவட்டுமா அண்ணி?" என்று கேட்டார். ஓட்டியது நான், ஆகவே என்னுடையது என்று சொல்ல வைத்திருந்தேன் அல்லவா, அதைச் சொல்ல வாயெடுத்தேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. புகைந்துபோன அந்தச் சென்னைப் பெட்டியும்தான் கொஞ்ச நாள் அவற்றை ஓட்டியது. அது பங்கு கேட்டதா?

"எடுத்துக்கினு போங்க தம்பி" என்றேன். கருப்பனையும் சேர்த்துத்தான். அவர் வீட்டு பீரோவில் அவை நிற்கட்டும், எண்ணெய் இறுகட்டும், பூசணம் பூக்கட்டும். அவளா துடைக்கப் போகிறாள்? மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "ஐயோ, ஏம்மா குடுத்த?" என்று கத்தினாள். உனக்குப் புரியாது, வை என்றேன்.

இப்போது வீட்டில் சத்தமே இல்லை. பீரோ திறந்து கிடக்கிறது, அந்த வாடை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. வலது கையால் இதை எழுதுகிறேன். இடது கை மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருக்கிறது, முறத்தில் புடைக்கிற அதே குலுக்கல். நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான். டிவி பார்க்கும்போது ஆடுகிறது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது ஆடுகிறது. பக்கத்துச் சீட்டுக்காரி, "கை நடுக்கமாம்மா? டாக்டராண்ட காட்டக் கூடாதா?" என்கிறாள். பேனாவை வைத்துவிட்டு வலது கையால் அதை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தால் நிற்கிறது. விட்டதும் ஆடுகிறது. அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை மாமா, வாட்ச்சுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று.